அப்பத்தா வாரிசுகள்

செல்லூர் அத்தை: காதுகுத்துக்கு ஆண்டிபட்டி போக வேனா ரயிலா? இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள், வேன்காரர் அட்வான்ஸ் கேட்கிறார்

பெரியப்பா: வேன்

சென்னை அண்ணன்: நாங்கள் நேராக போடி எக்ஸ்பிரஸ்

தேனி சித்தப்பா: ரயில்தான் சரி. பொறுமையாகப் படியுங்கள். இந்த மதுரை–போடி லைன் 1928-ல் வந்தது. உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய் அப்புறம் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று நிறுத்தியவர்கள் தேனி வரைக்கும் வண்டி விட்டது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். அத்தனை வருஷம் பஸ்ஸில் நசுங்கினோம். இப்போது ரயில் வந்ததும் ஸ்டேஷன் பக்கம் மனை விலை கேட்டால் தலை சுற்றுகிறது

பெரியப்பா: ஆரம்பித்துவிட்டான்

செல்லூர் அத்தை: தம்பி, கேட்டது வேனா ரயிலா

தேனி சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன் அக்கா. அந்த எட்டு சென்ட் இன்றைக்கு நம்மிடம் இருந்தால் பந்தலே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் போட்டிருக்கலாம்

பெரியப்பா: இனிமேல் ரயிலாவது வருவதாவது என்று முதலில் சொன்னது யார்?

சின்னவள்: 😂 நேற்றுதான் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலைப் படம் பார்த்தேன்

சென்னை அண்ணன்: 2017-ல் வந்ததா? 1974 படத்தைப் பார். நாவல் 1934

தேனி சித்தி: கொன்றது யார்

சின்னவள்: சொல்ல மாட்டேன், பாருங்கள்

பெரியப்பா: பன்னிரண்டு பேர் சேர்ந்து. ஆளுக்கு ஒரு குத்து

சின்னவள்: பெரியப்பாஆஆ 😡

பெரியப்பா: எட்டு சென்ட் பத்திரமும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு கையெழுத்து. உன் அப்பா உட்பட

தேனி சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்லூர் அத்தை: என்ன போட்டு அழித்தாய்?

சென்னை அண்ணன்: அதே அகதா கிறிஸ்டியின் இன்னொரு கதையில் இணையாகப் போகிற ரயிலில் ஒருவன் கழுத்தை நெரிப்பதைப் பார்ப்பது மிஸ் மார்ப்பிளின் தோழி. 1961 படத்தில் மார்ப்பிளே பார்க்கிறார். எனக்கு அந்த மாற்றம் பிடிக்கும், பார்த்தவரே துப்புத் துலக்கினால்தான் படத்துக்கு வேகம்

தேனி சித்தப்பா: நம் போடி லைனில் அது நடக்காது. சிங்கிள் லைன். கிராஸிங்குக்கு நின்றால்தான் பக்கத்து வண்டியே கண்ணில் படும்

செல்லூர் அத்தை: கொலையை விடுங்கள். வேனா ரயிலா

திருமங்கலம் மச்சான்: சீர் தட்டோடு ரயில் எப்படி? கிடாவை ஏற்றவே விடமாட்டார்கள். மெட்ரோ வந்திருந்தாலாவது ஜங்ஷன் வரைக்கும் அலைச்சல் இல்லை

தேனி சித்தப்பா: திருமங்கலம்–ஒத்தக்கடை, 32 கி.மீ. மாப்பிள்ளை. 2025 நவம்பரில் டெல்லி திருப்பி அனுப்பிவிட்டது. 2011 கணக்கெடுப்பை வைத்து மதுரையில் 20 லட்சம் பேர் இல்லையாம்

பெரியப்பா: தீபாவளிக்கு முதல் நாள் விளக்குத்தூணுக்கு வந்து எண்ணச் சொல்

தேனி சித்தப்பா: கிடா இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்

திருமங்கலம் மச்சான்: தாய்மாமன் கிடாவை நீங்கள் வாங்குவதா?

தேனி சித்தி: நான் அப்போதே சொன்னேன்

செல்லூர் அத்தை: சரி. பெரியவர்களும் சீரும் வேன், மற்றவர்கள் ரயில்

பெரியப்பா: பெரியவர்கள் என்றால் யார் யார்

தேனி சித்தப்பா: அண்ணே, நீங்கள் ரயிலில் வாருங்கள். ஸ்டேஷனுக்கு நான் வந்து கூட்டிப் போகிறேன்

பெரியப்பா: எதற்கு, அந்த எட்டு சென்ட்டைச் சுற்றிக் காட்டவா? வேன்

செல்லூர் அத்தை: அட்வான்ஸ் யார் போடுகிறீர்கள்

சின்னவள்: 🙈

தேனி சித்தப்பா: 👍

செல்லூர் அத்தை: தம்பி, இந்தக் கட்டைவிரல் எதற்கு? பணம் போடுகிறாயா, ரயிலா?