புதுப்பிப்பு: வெளிநாட்டில் கம்மி விலையில் நல்ல குளிர்கால கோட் கிடைத்துவிட்டது

வெளிநாடு வந்ததும் வாங்கிய உடுப்பெல்லாம் நாலு சலவையிலேயே நூல் பிரிகிறது, அதிகம் செலவில்லாமல் தரமானது எங்கே கிடைக்கும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, “பழைய துணிக் கடைக்குப் போய், பிராண்டை விட்டுவிட்டு உள்பக்கச் சீட்டைப் பாருங்கள்” என்ற யோசனைதான். முதலில் தயங்கினேன். அப்புறம் போனபோது 80% கம்பளி என்று சீட்டு போட்ட கோட் ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே திருப்பிப் பார்த்தால் தையல் நெருக்கமாக இருந்தது, ஒரு நூல்கூடத் தொங்கவில்லை; உதிரிப் பொத்தானும் அப்படியே தைத்திருந்தது. புதுக் கோட்டின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

பருவ முடிவுத் தள்ளுபடி எனக்கு ஒத்துவரவில்லை. அதற்குள் என் அளவு தீர்ந்துவிடுகிறது.

அளவு எண்தான் எதிர்பாராமல் குழப்பியது. பெண்கள் உடையில் பிரிட்டனின் 12, அமெரிக்காவில் 8. தோள், மார்பு, கை நீளத்தைச் சென்டிமீட்டரில் குறித்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, பழைய கம்பளியில் அந்துப்பூச்சி முட்டை இருக்கலாம். பையில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்த பிறகுதான் அலமாரியில் மாட்டினேன்.