‘தாத்தா வீடு’ குழு: பாப்பாவின் ஹார்டு டிஸ்க்

ஞாயிறு

பெரியம்மா, காலை 6:52
பாப்பா, கல்யாணப் பத்திரிகையில் மாமா பெயரைத் தாய்மாமன் என்று தனி வரியில் போட வேண்டும். இப்போது கூட்டத்தோடு கூட்டமாக இருக்கிறது. இன்றைக்குள் திருத்தி அனுப்பு. ஆவணி முதல் வெள்ளி குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்க வேண்டும்.

மதுரை மாமா, 6:58
எனக்காக யாரும் சிரமப்பட வேண்டாம்.

அத்தை, 6:59
2009 மாதிரி ஆகாமல் இருந்தால் சரி.

அம்மா, 7:03
அது அச்சகத்தில் விட்டுப்போனது என்று எத்தனை தடவை சொல்வது?

நான், 7:21
பெரியம்மா, ஃபைல் திறக்கவில்லை. நேற்று ராத்திரி பூனை வயரில் கால் சிக்கி ஹார்டு டிஸ்க்கை மேசையிலிருந்து இழுத்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்தபோதே விழுந்தது. இப்போது போட்டால் டிக்... டிக்... என்று சத்தம். கம்ப்யூட்டரில் பெயர் வருகிறது, போய்விடுகிறது.

தம்பி, 7:22
ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் சரியாகும். வீடியோவில் பார்த்தேன்.

பெங்களூரு அண்ணன், 7:24
வைக்காதே. உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். பாப்பா, வயரைக் கழற்று. இனி ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காதே. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. படிக்கும் முனை அதைத் தொடாமல், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளியில் மிதக்கும். விழுந்ததில் முனை அடிபட்டிருக்கும். ஒவ்வொரு முறை போடும்போதும் அது தட்டைக் கீறலாம். கீறிய இடத்தில் இருந்தது திரும்பாது.

நான், 7:25
கழற்றிவிட்டேன் அண்ணா. அதற்கு முன் நாலைந்து தடவை போட்டுவிட்டேன்.

சித்தி, 7:31
அதில்தானே எங்கள் அப்பா போட்டோ எல்லாம் ஸ்கேன் செய்து வைத்தாய்?

நான், 7:33
ஆமாம் சித்தி. 312 போட்டோ. வேறு எங்கும் இல்லை.

அம்மா, 7:34
முருகா.

சித்தி, 7:40
2015 டிசம்பரில் முடிச்சூர் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது என் கல்யாண ஆல்பம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. நாலு நாள் கழித்து எடுத்தேன். பக்கம் எல்லாம் ஒட்டிக்கொண்டது. மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன், அப்பா முகம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து போய்விட்டது. அப்போதே ஒரு படி வேறு வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பெரியம்மா, 7:52
அப்படியானால் பத்திரிகை?

அத்தை, 7:53
போன வாரம் குழுவில் போட்ட படத்திலேயே பெயரைப் பெரிதாக்க முடியாதா?

நான், 7:58
அது வெறும் படம் அத்தை, எழுத்தைத் தொட முடியாது. டிசைன் செய்த கோரல்டிரா ஃபைல் வேண்டும். முதல் புரூஃப் எடுக்க அச்சகத்துக்கு அனுப்பியிருந்தேன், திருப்பிக் கேட்கிறேன்.

நான், 8:47
ஃபைல் வந்துவிட்டது. திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தாகச் சிதறி நிற்கிறது. பாமினி எழுத்துரு புது லேப்டாப்பில் இல்லை. எழுத்துருத் தொகுப்பும் அந்த டிஸ்க்கில்தான்.

பெங்களூரு அண்ணன், 8:50
அதையும் அச்சகத்தில் வாங்கு. இனி ஒவ்வொரு வேலையின் ஃபோல்டரிலும் அதன் எழுத்துரு கூடவே இருக்கட்டும். பாமினி யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) கிடையாது. எழுத்துரு இல்லையென்றால் ஃபைல் இருந்தும் பயனில்லை.

மதுரை மாமா, 8:55
16 டிபி எஸ்எஸ்டி 1500 ரூபாய் என்று ஒரு விளம்பரம் வந்தது. அனுப்பட்டுமா? பாப்பாவுக்கு ஆயுசுக்கும் போதும்.

பெங்களூரு அண்ணன், 8:57
வேண்டாம் மாமா, போலி. உள்ளே சின்ன மெமரி கார்டு இருக்கும், 16 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். இடம் தீர்ந்த பிறகும் எழுதுவதாகக் காட்டும், போட்டது நிற்காது. எது வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் நாளுக்குள் ஒரு தடவை முழுக்க நிரப்பி, திறந்து பார்த்துவிட வேண்டும்.

அம்மா, 9:02
ஆடியில் புதுப் பொருள் வாங்கலாமா?

அத்தை, 9:02
ஆடித் தள்ளுபடியே வாங்கத்தானே?

பெரியம்மா, 9:04
நகை வேண்டுமானால் ஆவணியில் பார்க்கலாம். இது தொழில் சாமான்.

தம்பி, 9:05
நகை என்றதும் ஞாபகம் வருகிறது, அக்காவின் நெக்லஸ் என்ன ஆயிற்று?

பெரியம்மா, 9:06
அதைப் போனில் பேசுவோம்.

நான், 9:15
அண்ணா, எனக்கு எது வாங்குவது என்று சொல்லுங்கள். மொத்தம் 640 ஜிபி இருந்தது. ஆடி 18க்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் கொடுத்து முடித்தேன். அதைப் பார்த்துத் தீபாவளி வரை பார்ட்டிகள் தங்கள் பெயர் போட ஆர்டர் அனுப்புவார்கள். அந்த டிசைன் இல்லையென்றால் இந்த வருட வருமானமே போச்சு. கூட வேலை செய்பவர் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நகல் வைக்கும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைப்பது) வாங்கச் சொல்கிறார்.

பெங்களூரு அண்ணன், 9:38
பொறுமையாகப் படி. எந்த டிஸ்க் என்பது அப்புறம். எத்தனை பிரதி, எந்த எந்த வீட்டில் என்பதுதான் முதலில். நீ வைத்திருந்தது பேக்கப் இல்லை. லேப்டாப்பில் இடம் இல்லாமல் அங்கே தள்ளினாய், அதுவே ஒரே பிரதி ஆகிவிட்டது.

தினமும் வேலை செய்ய 1 டிபி (ஆயிரம் ஜிபி) எஸ்எஸ்டி. சிப்பில் எழுதுவது, சுற்றும் தட்டு கிடையாது, பூனை தள்ளினாலும் பெரும்பாலும் தாங்கும். உன் 2 ஜிபி பேனர் ஃபைலை சாதா ஹார்டு டிஸ்க்கிலிருந்து நகலெடுக்க 17 நொடி ஆகும் என்றால், நல்ல எஸ்எஸ்டியில் இரண்டு மூன்று நொடி. ஆனால் லேப்டாப்பில் எந்த ஓட்டையில் செருகுகிறாய் என்று பார். பழைய யூஎஸ்பி 2 என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கிட்டத்தட்ட ஒரு நிமிடம்தான். 1 டிபி வாங்கி 931 ஜிபி காட்டினால் பதறாதே, கணக்கு வித்தியாசம்.

பேக்கப்புக்குச் சுற்றும் ஹார்டு டிஸ்க்கே போதும். 2 டிபியில் இரண்டு. ஒரே ஜிபிக்கு எஸ்எஸ்டியைவிட மலிவு. எஸ்எஸ்டியை மின்சாரம் கொடுக்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டுவைப்பதும் நல்லதில்லை. ஒன்று உன் வீட்டில், எழுதும் நேரம் தவிர கழற்றியே இருக்கட்டும். இன்னொன்று வேறு ஊரில். மூன்றையும் எக்ஸ்ஃபேட்டில் (விண்டோஸ், மேக் இரண்டுக்கும் பொதுவான அமைப்பு) ஃபார்மேட் செய், அச்சகத்தில் மேக் இருந்தாலும் எழுத முடியும்.

நாஸ் இப்போது வேண்டாம். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது, அவ்வளவுதான். நீ தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் போகும். கூகுளில் இலவசம் 15 ஜிபி, அதில் மெயிலும் போட்டோவும் சேர்த்தி. நடப்பு வேலையை மட்டும் வை. 640 ஜிபியையும் ஏற்றலாம் என்றால், 40 எம்பிபிஎஸ் வேகத்தில் விடாமல் ஏற்றினாலே ஒன்றரை நாள்.

அத்தை, 9:41
மாமா இரண்டு தடவை படித்துவிட்டார்.

நான், 9:44
மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்கப் பணம் இல்லை. எஸ்எஸ்டி இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ஹார்டு டிஸ்க் ஒன்று காலண்டர் பணம் வந்ததும்.

சித்தி, 9:46
இன்னொன்று நான் வாங்கித் தருகிறேன். வெளியூரில் வைக்கும் டிஸ்க். அப்பா போட்டோவுக்கு என்று நினைத்துக்கொள்.

மதுரை மாமா, 9:49
அது என் வீட்டில் இருக்கட்டும். சிவகாசிக்கு மாதம் ஒரு தடவை வருகிறேன், மாற்றிக்கொள்ளலாம்.

பெரியம்மா, 9:53
அப்பாவின் இரும்புப் பெட்டியும் உன் வீட்டுக்குத்தான் போனது. இதுவும் அங்கேயா? திருநெல்வேலியில் மூத்தவள் நான் இருக்கிறேன்.

அம்மா, 9:54
அக்கா, கல்யாண நேரத்தில் இது வேண்டாம்.

பெங்களூரு அண்ணன், 9:56
செத்த டிஸ்க்கைத் தூசி இல்லாத அறையில் திறந்து பார்க்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். செலவு அதிகம், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. காலண்டர் ஃபைல்களுக்காகக் கேட்டுப் பார்க்கலாம். போட்டோவின் அசல் எங்கே பாப்பா?

நான், 9:58
ஸ்கேன் செய்துவிட்டு எல்லாவற்றையும் பெட்டியிலேயே திரும்ப வைத்தோம்.

மதுரை மாமா, 10:05
பெட்டி பரண்மேல் பத்திரமாக இருக்கிறது. சாவி என்னிடம் இல்லை.

சித்தி, 10:06
யாரிடம்?

பெரியம்மா, 10:19
என்னிடம்தான். சுருக்குப் பையில் இருக்கிறது.

நான், 11:32
எழுத்துரு வந்துவிட்டது. திருத்திய பத்திரிகை இதோ. தாய்மாமன் தனி வரி, நடுவில். எல்லோரும் பெயர் பார்த்துச் சொல்லுங்கள். அச்சகம் 4 மணி வரைதான்.

அத்தை, 11:40
என் பெயரும் பக்கத்தில் வருமா?

மதுரை மாமா, 11:44
சரியாக இருக்கிறது பாப்பா. அப்பா பெயருக்கு நேர் கீழே வந்திருக்கிறது.

பெரியம்மா, 11:51
வெள்ளிக்கிழமை கோயில் முடிந்து மதுரை வருகிறேன். சாவி கொண்டு வருகிறேன். பாப்பாவை ஸ்கேனர் எடுத்து வரச் சொல்.

மதுரை மாமா, 11:52
மதியச் சாப்பாடு இங்கே.

அம்மா, 11:58
டிஸ்க் யார் வீட்டில் என்று முடிவாகவில்லையே?

சித்தி, 12:03
முதலில் நான் வாங்கி அனுப்புகிறேன்.