ஆசா ராஜாவைப் பற்றி வேதபாடம் எடுக்க உதவுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வாலிபர் கூடுகைக்கு யூதாவின் ராஜா ஆசாவைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். 2 நாளாகமம் 14 முதல் 16 வரை நாலைந்து தடவை வாசித்துவிட்டேன். மூன்று இடங்களில் நின்றுவிட்டேன்.

பத்து லட்சம் பேரோடு வந்த எத்தியோப்பியனான சேராவுக்கு முன்னால், பெலனற்றவனுக்கு உதவி செய்வது உமக்கு லேசான காரியம் என்று ஜெபித்தவர் இவர். அதே மனிதர் 36ஆம் வருஷத்தில், இஸ்ரவேலின் ராஜா பாஷா யூதாவுக்கு எதிராக ராமா என்ற ஊரைக் கட்டியபோது, பாஷாவோடு செய்த உடன்படிக்கையை முறித்துவிடும்படி, ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியாவின் ராஜா பெனாதாத்துக்கு அனுப்புகிறார். அந்தத் திட்டம் பலித்தும் விடுகிறது! பலித்த காரியத்தை எப்படித் தவறு என்று பிள்ளைகளுக்கு விளங்க வைப்பது?

கர்த்தரை நம்பாமல் சீரியாவின் ராஜாவை நம்பியதற்காகக் கண்டித்த தீர்க்கதரிசி அனானியை ஆசா காவலில் வைத்த இடம் என்னைக் குத்தியது. போன வருஷம் சபையில் ஒரு மூத்த சகோதரர் என் பேச்சிலிருந்த கடுமையைச் சுட்டிக்காட்டினார். மாதக்கணக்கில் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை. இதைக் கூடுகையில் சொல்லலாமா, அல்லது கவனம் என் பக்கம் திரும்பிவிடுமா?

அப்புறம், கால் வியாதியில் ஆசா கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளையே (வைத்தியர்களையே) தேடினார் என்ற வசனம். மாத்திரை சாப்பிடுவதே அவிசுவாசம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பிள்ளைகளில் ஒருவர் தினமும் இன்சுலின் போடுகிறார். இந்தப் பகுதியைப் போதித்தவர்கள் எப்படி விளக்கினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.