நாய் மேல் உள்ள உண்ணி சாகிறது, சுவரில் உள்ளது சாகவில்லை

மதுரையில் பழைய ஓட்டு வீடு, சிப்பிப்பாறை நாய், மூன்று வயது, 20 கிலோ. சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து உண்ணித் தொல்லை தாங்கவில்லை. காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் கொத்துக் கொத்தாக, ரத்தம் குடித்து உப்பியது பச்சைப்பயறு அளவுக்கு இருக்கிறது. அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டினோம், பிடரியில் ஃபிப்ரோனில் சொட்டு விட்டோம், வேப்பெண்ணெயும் பார்த்தாச்சு (உண்ணி அசையக்கூட இல்லை). அப்புறம் டாக்டர் சொல்லி ஃப்ளூராலனர் மாத்திரை கொடுத்ததும் கடிப்பவை செத்து விழுகின்றன, ஆனால் ராத்திரி டார்ச் அடித்தால் சுவர் விரிசலிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் பொடி உண்ணிகள் ஊர்கின்றன. நாய்க்குக் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. வீட்டில் பூனையும் இருக்கிறது, பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து அதற்கு விஷம் என்பதால் அடிக்க முடியாது. பூனைக்கு ஆபத்தில்லாமல் சுவர் விரிசலில் இருக்கும் உண்ணியையும் முட்டையையும் ஒழிக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?