பரோட்டிட் மெழுகு பிளாக்கில் மிப் மரபணு: சி.டி. ஏன் 36-க்குப் போகிறது?

தேவனாம்பட்டினம்:
பரோட்டிட் (காதுக்கு முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) புற்றுக்கட்டியான அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா, ஃபார்மலினில் பதப்படுத்திய மெழுகு பிளாக் 10. கன்ட்ரோல், அதே சுரப்பியின் ஓரத்து நல்ல திசு. பிளாக்குக்கு 10 மைக்ரான் சீவல் 4, அதிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வுக்கு ஒலிகோ டி.டி. பிரைமர் வைத்து சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.யின் டி.என்.ஏ. நகல்), பிறகு கியூ.பி.சி.ஆர். (அந்த நகலைப் பெருக்கி அளவு பார்க்கும் சோதனை). மிப் (MYB) புராடக்ட், அதாவது பெருக்கும் துண்டு, 180 பேஸ். 260/280 (ஒளி உறிஞ்சலில் பார்க்கும் தூய்மை விகிதம்) எல்லாவற்றிலும் 1.9. ஆனாலும் மிப் சி.டி. (சிக்னல் தெரியும் சுழற்சி எண், கூடினால் ஆர்.என்.ஏ. குறைவு) 34–37, ஒப்பிட வைத்த ரெஃபரன்ஸ் மரபணு ஜி.ஏ.பி.டி.ஹெச். 26-க்கும் 33-க்கும் நடுவே ஆடுகிறது. ஆர்.என்.ஏ. பிரிக்கும் கிட்டை மாற்றலாமா?

வில்லியனூர்:
கிட்டு பாவம், அதை விடுங்க. 1.9 என்றால் புரோட்டீன் கலக்கவில்லை, அவ்வளவுதான். இழை எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்று அது சொல்லாது. மெழுகு பிளாக் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் 200 பேஸுக்கும் கீழே நொறுங்கியிருக்கும். அதில் 180 பேஸ் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். பிரைமரை மாற்றி, புராடக்ட்டை 60–90 பேஸுக்குள் கொண்டுவாருங்கள். ஒலிகோ டி.டி. பாலி-ஏ வாலைப் பிடித்துத் தொடங்குவது, வால் ஒட்டாத துண்டுகள் அத்தனையும் வீண். இழையில் எங்கும் ஒட்டும் ஆறு பேஸ் பிரைமர், ரேண்டம் ஹெக்ஸாமர் போடுங்கள்.

புரோட்டினேஸ் கே (புரோட்டீனைச் செரிக்கும் என்சைம்) முடிந்ததும் 80 டிகிரியில் 15 நிமிடம் வைத்தீர்களா? ஃபார்மலின் போட்ட முடிச்சு அங்கேதான் அவிழும். டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏஸ் போட்ட பிறகும், ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் ஆர்.டி. என்சைம் சேர்க்காத குழாய் ஒன்று கூடவே ஓடட்டும். அதிலும் 36 வந்தால் நீங்கள் அளந்தது ஜீனோம் டி.என்.ஏ.

ஜி.ஏ.பி.டி.ஹெச்.ஐ மட்டும் நம்ப வேண்டாம். ரெஃபரன்ஸ் மரபணு குறைந்தது மூன்று எடுத்து, உங்கள் மாதிரிகளில் எது ஆடாமல் நிற்கிறது என்று பாருங்கள்.

பாகூர்:
பிளாக் எப்படித் தயாரானது என்றும் விசாரியுங்கள். முழுக் கட்டியை அப்படியே பாட்டிலில் போட்டு கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினால், ஓரம் பதமாகி நடுப்பகுதி கெட்டுப்போகும். ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் இறங்கும், உள்ளே போகப் போக இன்னும் மந்தம். விளிம்புக்கு மை பூசி, 5 மி.மீ. கனத்தில் நறுக்கி, 10 மடங்கு பஃபர் ஃபார்மலினில் 24 மணி நேரம். சனிக்கிழமை போட்டது திங்கள்வரை ஊறக் கூடாது. பஃபர் இல்லாத பழைய ஃபார்மலினில் ஃபார்மிக் அமிலம் சேரும், அது ஆர்.என்.ஏ.யை அறுக்கும். சீவும்போது காற்றுபட்ட முதல் இரண்டு சீவலைத் தள்ளிவிடுங்கள்.

மூலக்குளம்:
கன்ட்ரோலும் சரியில்லை. நல்ல பரோட்டிட்டில் பெரும்பகுதி சீரஸ் ஏசினஸ் செல் (நீர்த்த உமிழ்நீர் சுரப்பது). உங்கள் கட்டியில் இருப்பதோ டக்டல் (குழாய்ச் சுவர்), மயோஎபிதீலியல் (அதைச் சுற்றிச் சுருங்கும்) செல். இரண்டையும் ஒப்பிட்டால் ஏசினஸ் செல்லின் அமைலேஸ் பாதாளத்துக்கு இறங்கும். மரபணு அணைந்ததால் அல்ல, அந்த செல்லே அங்கே இல்லாததால்.

மிப்பைச் சோதிக்க வேறு வழி உண்டு. 6, 9 குரோமோசோம்கள் இடம் மாறி மிப், என்.எஃப்.ஐ.பி. மரபணுவோடு ஒட்டும்போது, மிப்பின் வால்பகுதி பெரும்பாலும் கழன்றுவிடும். முன்பகுதிக்கு ஒரு ஜோடி பிரைமர், வால்பகுதிக்கு ஒரு ஜோடி. முன் ஏறி வால் இறங்கினால் முறிவு உள்ளேதான். முறிவு மரபணுவுக்கு வெளியே இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும். சில கட்டிகளில் மிப்புக்குப் பதில் அதன் உறவு மரபணு மிப்-எல்1 மாறியிருக்கும். அதனால் மிப் குறைவு என்பதற்காக நோயறிதலை மாற்றாதீர்கள்.

தேவனாம்பட்டினம்:
இரண்டு பிளாக்கில் கட்டி செல் 30 சதவீதம்தான். மீதி கொழுப்பும் நரம்பும்.

மூலக்குளம்:
எச் அண்ட் இ சாயமிட்ட ஸ்லைடில் கட்டியைப் பேனாவால் வட்டமிட்டு, அடுத்த சீவல்களில் அந்த இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டுங்கள். நரம்பை மொத்தமாக ஒதுக்கிவிடாதீர்கள், இந்தக் கட்டி அதைச் சுற்றித்தான் ஊரும்.