அவசர உதவி: புது அன்டிவைரஸ் போட்டபிறகு நெட் பாதிதான் வேலை செய்யுது, பிறின்டரையும் காணேல்ல

உவர்மலை_வீடு | செவ்வாய், இரவு 8.47

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காசு குடுத்து வாங்கின அன்டிவைரஸ் போட்டன். அண்டையில இருந்து கொம்பியூட்டர் ஊர்ந்துகொண்டு நிக்குது. சில பக்கம் திறக்குது, சிலது சுத்திக்கொண்டே இருக்குது. மகளின்ர ஸூம் வகுப்பில ரீச்சரின்ர சத்தம் விட்டு விட்டுத்தான் கேக்குது. மற்ற அறையில இருக்கிற வைஃபை பிறின்டரைக் காணேல்ல எண்டு சொல்லுது. ஃபயர்வோலை நிப்பாட்டியும் பாத்திட்டன், ஒரு மாற்றமும் இல்லை. நாளைக்குக் காலமை 7 மணிக்கு அவளுக்கு வகுப்பு. அதுக்கு முதல் பாஸ்ட் பேப்பர் பிறின்ட் எடுத்துக் குடுக்க வேணும். தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

சீனன்குடா_வாசி | 8.55

அண்ணா, கொஞ்சம் விபரம் தாங்கோ. விண்டோஸ் 10ஆ 11ஆ? புதுசாப் போட்டது வெறும் அன்டிவைரஸா, ஃபயர்வோலும் சேர்ந்ததா? முந்தி வேற ஏதும் இருந்ததா? ஃபயர்வோலை நிப்பாட்டினன் எண்டு எழுதியிருக்கிறீங்கள். எதை நிப்பாட்டினீங்கள், விண்டோஸின்ரதையா, புதுசா வந்ததையா? இது தெரியாமல் ஒண்டும் சொல்ல ஏலாது.

உப்புக்காற்று | 9.02

இதில அன்டிவைரஸுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. லைனைப் பாருங்கோ. உவர்மலையில கடல்காத்து நேர வீட்டுக்குள்ள வரும். சுவரில இருக்கிற டெலிபோன் பெட்டியின்ர ஆணியைக் கழட்டிப் பாத்தால் செப்புக் கம்பியில பச்சையாக் களிம்பு பிடிச்சிருக்கும். எங்கட வீட்டில இரண்டு வருசம் இதோட அலைஞ்சன். கம்பி நுனியை வெட்டி, புதுசாச் சீவி முறுக்கினவுடன நெட் பறந்தது. சத்தம் விட்டு விட்டுக் கேக்கிறது லைன் நோய்தான்.

கிண்ணியா_நானா | 9.06

லைன் பிழையெண்டா பிறின்டர் ஏன் காணாமப் போற? அது வீட்டு வைஃபைக்குள்ளதானே இரிக்கி. வெளி லைன் அறுந்து கெடந்தாலும் பிறின்ட் வரணும். ஒங்கட ரவுட்டர ஒருக்கா நிப்பாட்டிப் போட்டீங்களா?

கணினிச்செம்மல் | 9.11

இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் பழைய இழைகளை ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டு எழுதினால் எல்லோருடைய நேரமும் மிச்சமாகும். ஒரு கணினிக்கு ஒரு நிகழ்நேரக் காவல் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு இருந்தால், திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் மறித்துச் சோதிக்கும். ஒன்று பிடித்து அடைத்து வைத்த கோப்பை மற்றது புதிதாக வந்த வைரஸ் என்று எடுத்துக்கொள்ளும். இது அடிப்படை. அடிப்படை தெரியாமல் மென்பொருள் நிறுவக்கூடாது.

நிலாவெளி_கரை | 9.14

ஃபோர்மட் அடியுங்கோ. ஒரு மணித்தியால வேலை. எல்லாம் புதுசு மாதிரி வந்திடும்.

சீனன்குடா_வாசி | 9.17

இன்னும் என்ன விண்டோஸ் எண்டே தெரியாது, அதுக்குள்ள ஃபோர்மட்டா? அந்தப் பிள்ளையின்ர பாடக் குறிப்பெல்லாம் எங்க போறது?

உவர்மலை_வீடு | 9.24

விண்டோஸ் 10. 4 ஜிபி ரம். முந்தி கடைக்காரர் போட்டுத் தந்த ட்ரயல் ஒண்டு இருந்தது. நாள் முடிஞ்சுது, நாள் முடிஞ்சுது எண்டு கரைச்சல் தந்துகொண்டே இருந்ததால அதை அழிச்சிட்டுத்தான் புதுசு போட்டன். இரண்டு அன்டிவைரஸ் இல்லை. நிப்பாட்டினது கொன்ட்ரோல் பனலில இருக்கிற ஃபயர்வோல். நான் அண்ணா இல்லை, அக்கா.

பாலையூற்று_தம்பி | 9.29

அக்கா, ஒரே ஒரு கேள்வி. பழையதை எப்பிடி அழிச்சீங்கள்? செட்டிங்ஸில அப்ஸுக்குள்ள போய் அன்இன்ஸ்டோல் குடுத்தீங்களா? இல்லாட்டி அதின்ர ஃபோல்டரைப் பிடிச்சு டிலீட் பண்ணினீங்களா?

உவர்மலை_வீடு | 9.33

ஃபோல்டரை டிலீட் பண்ணினன். சிலது அழியாது எண்டு சொன்னது, அதை விட்டிட்டன்.

பாலையூற்று_தம்பி | 9.34

அதுதான் அக்கா. பழையது இன்னும் உள்ளுக்குத்தான் இருக்குது. ஆறுதலா எழுதுறன், அதுவரைக்கும் ஒண்டையும் தொடாதீங்கோ.

தமிழ்வழி | 9.38

இடையில் ஒரு வேண்டுகோள். எல்லோரும் ஃபயர்வோல், ஃபயர்வோல் என்றே எழுதுகிறீர்கள். தீச்சுவர் என்று அழகான சொல் இருக்கிறது. பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் நெருப்பு இந்தப் பக்கம் தாவாமல் இருக்கக் கட்டும் தடுப்புச் சுவரின் பெயர்தான் கணினிக்கும் வந்தது. தமிழில் சொன்னால் அக்காவுக்கும் அது என்ன வேலை செய்கிறது என்று உடனே விளங்கும்.

கணினிச்செம்மல் | 9.41

தீச்சுவர் என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, அவ்வளவுதான். எரிகிற சுவர் என்றும் பொருள் படும். தீயரண் என்பதே பொருத்தமானது. அரண் என்றால் காவல் என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது.

தமிழ்வழி | 9.44

அரண் என்றால் கோட்டை. கோட்டை ஊரைச் சுற்றி நிற்பது. இதுவோ இரண்டு இடங்களுக்கு நடுவில் நிற்பது. திருகோணமலையில் பிறந்தவருக்குப் பிரட்ரிக் கோட்டையின் வாசலையும் வீட்டுச் சுவரையும் பிரித்துச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கிண்ணியா_நானா | 9.46

அந்தப் புள்ளைட வகுப்பு காலைல 7 மணிக்கி. சுவரா கோட்டையா எண்டு நாளைக்கிக் கதைங்க.

சீனன்குடா_வாசி | 9.49

நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்க வேண்டாம். வீட்டு கொம்பியூட்டருக்கு ஏன் காசு குடுத்து அன்டிவைரஸ்? 2012இல விண்டோஸ் 8 வந்த காலத்தில இருந்து டிஃபென்டர் முழு அன்டிவைரஸா உள்ளுக்கே இருக்குது. ஃபயர்வோல் அதுக்கும் முந்தி, 2004இல எக்ஸ்பி சேர்விஸ் பக் 2ஓட தானாகவே இயங்கத் தொடங்கினது. இது இரண்டும், அப்டேட்டும் ஒழுங்கா இருந்தால் ஒரு வீட்டுக்குக் காணும்.

கணினிச்செம்மல் | 9.53

இலவசமாக வருவதை மட்டும் நம்பச் சொல்லி ஆலோசனை கூறுவது பொறுப்பற்ற செயல். பிள்ளைகள் பயன்படுத்தும் கணினிக்குப் பெற்றோர் கட்டுப்பாடு வேண்டும், போலி வங்கித் தளங்களைத் தடுக்கும் வசதி வேண்டும். அவற்றுக்காகத்தான் காசு.

சீனன்குடா_வாசி | 9.58

பெற்றோர் கட்டுப்பாடு விண்டோஸிலயே இருக்குது. கூடுதலா ஒரு பாதுகாப்பு எண்டு போடுறது ஒவ்வொண்டும் விண்டோஸின்ர அடிமட்டத்தில டிரைவர் எண்ட ஒரு சின்ன மென்பொருளை இறக்கும். அதில ஒரு பிழை வந்தால் முழுக் கொம்பியூட்டரும் விழும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்குதா? ஒரு பாதுகாப்பு மென்பொருளின்ர பிழையான அப்டேட்டால உலகம் முழுக்க ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கொம்பியூட்டர் நீலத் திரையில நிண்டது. விமானமே பறக்கேல்ல. அது பெரிய நிறுவனங்களுக்கான மென்பொருள்தான், ஆனால் வேலை செய்யிற விதம் ஒண்டுதான்.

நிலாவெளி_கரை | 10.01

அதுக்குத்தான் சொல்லுறன், ஃபோர்மட்.

பாலையூற்று_தம்பி | 10.09

அக்கா, முதல்ல என்ன நடந்திருக்குது எண்டு சொல்லுறன். விளங்கினால் செய்யப் பயம் இருக்காது.

அன்டிவைரஸ் எண்டது ஒரு ஃபோல்டருக்குள்ள இருக்கிற சாமான் இல்லை. போடுற நேரம் அது இரண்டு இடத்தில ஆள் நிப்பாட்டும். ஒண்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் போற வழி, மற்றது நெட்வேர்க் வழி. நீங்கள் வீட்டை இடிச்சிட்டீங்கள், வாசலில நிக்கிற ஆக்களை அனுப்பேல்ல. அழியாது எண்டு சொன்னதெல்லாம் அந்த நேரம் வேலையில இருந்ததுகள். அதுக்கு மேல புதுசும் வந்து தன்ர ஆக்களை நிப்பாட்டிப் போட்டுது.

விண்டோஸின்ர டிஃபென்டர் மட்டும்தான் வேற அன்டிவைரஸ் வந்தால் தானாக ஒதுங்கும். வெளியில இருந்து வந்த இரண்டு பேர் சந்திச்சால் ஒருத்தரும் ஒதுங்க மாட்டினம். நெட்வேர்க்கிலயும் அதே கதைதான். இரண்டு ஃபயர்வோல் இருந்தால் இரண்டும் விட்டால்தான் உள்ளுக்கு வரலாம். ஒண்டில பிறின்டருக்கு அனுமதி குடுத்தாலும் மற்றது மறிச்சால் மறிச்சதுதான். நீங்கள் நிப்பாட்டினது விண்டோஸின்ர ஃபயர்வோல். மறிச்சது அது இல்லை, அதாலதான் மாற்றம் ஒண்டும் தெரியேல்ல. அதைத் திருப்பிப் போட்டு விடுங்கோ.

நான் சொல்லுறது சரியா எண்டு நீங்களே பாக்கலாம். ஸ்டார்ட்டில கமான்ட் ப்ரொம்ப்ட் எண்டு தேடி, ரைட் கிளிக் பண்ணி, அட்மினிஸ்ட்ரேட்டரா திறவுங்கோ. fltmc எண்ட ஐந்து எழுத்தை இங்கிலீசில இடைவெளி விடாமல் தட்டி என்டர் அடியுங்கோ. ஒரு பட்டியல் வரும். அதில ஒவ்வொரு பெயருக்கும் நேர ஒரு இலக்கம் இருக்கும். 320000க்கும் 329999க்கும் இடையில இருக்கிறது அன்டிவைரஸ்காரருக்கு ஒதுக்கினது. 328010 எண்டு இருந்தால் அது டிஃபென்டர், அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். அந்த இடைவெளிக்குள்ள பழைய ட்ரயலின்ர பெயர் மாதிரி ஏதும் தெரிஞ்சால் முடிஞ்சுது கதை.

இனிச் செய்ய வேண்டியது. மகளின்ர குறிப்பு, படம் எல்லாத்தையும் முதல்ல பென் ட்ரைவில ஏத்துங்கோ. புதுசின்ர லைசன்ஸ் இலக்கத்தை ஒரு கடதாசியில எழுதி வையுங்கோ. பிறகு பழைய ட்ரயலைச் செய்த நிறுவனத்தின்ர சொந்தத் தளத்துக்குப் போங்கோ. இப்பிடி மிஞ்சிக் கிடக்கிறதைத் துடைக்கவே அனேகமா எல்லாரும் ஒரு ரிமூவல் டூல் வச்சிருப்பினம். கூகிளில மேல வாற விளம்பரத்தில இருந்து மட்டும் இறக்காதீங்கோ, அந்தப் பெயரில கள்ளச் சாமான் நிறைய. உங்கட கொம்பியூட்டரில அந்தத் தளம் திறக்காட்டி ஃபோனில இறக்கி வயரால மாத்துங்கோ.

டூல் கையில வந்தபிறகு புதுசை அப்ஸுக்குள்ள போய் முறையா அன்இன்ஸ்டோல் பண்ணுங்கோ. அடுத்தது ஷிஃப்ட் கட்டையை அமத்திக்கொண்டு ரீஸ்டார்ட். நீலத் திரையில ஒரு மெனு வரும், பிழை இல்லை. அதில ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. அதுதான் சேஃப் மோட். அதுக்குள்ள வச்சு டூலை ஓட விட்டால், வாசலில நிக்கிற ஆக்கள் எழும்பாத நேரத்தில பிடிச்சு வெளிய போடலாம். ஒரு கவனம்: இடையில 48 இலக்கச் சாவி ஒண்டு கேட்டால் டிஸ்க் பூட்டியிருக்குது எண்டு அர்த்தம். அந்தச் சாவி அனேகமா உங்கட மைக்ரோசொஃப்ட் கணக்கில இருக்கும், ஃபோனால உள்ளுக்குப் போய்ப் பாக்கலாம். ஊகிச்சுத் தட்டாதீங்கோ.

வழமைபோலத் திருப்பி எழும்பினபிறகு டிஃபென்டர் தானாக வேலைக்கு வந்திடும். நெட்வேர்க் செட்டிங்ஸில உங்கட வைஃபை பப்ளிக் எண்டு இருந்தால் பிரைவட் எண்டு மாத்துங்கோ. பப்ளிக்கில இருந்தால் வீட்டுக்குள்ள இருக்கிற சாமான்களையே அது தேடாது. பிறின்டர் மறைஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

இண்டைக்கு இதோட நிப்பாட்டுங்கோ அக்கா. காலமை வகுப்பு டிஃபென்டரோட நடக்கட்டும். காசு குடுத்ததை சனிக்கிழமை ஆறுதலாப் போடலாம்.

கணினிச்செம்மல் | 10.20

நான் 9.11க்கு எழுதியதும் இதுதான்.

பாலையூற்று_தம்பி | 10.22

ஓம் ஐயா, நீங்கள் சொன்னது சரி. ஆனால் அக்கா தன்னட்ட ஒண்டுதான் இருக்குது எண்டு நம்பினவ. ஒண்டுக்கு மேல வச்சிருக்கக்கூடாது எண்டு சொன்னால் அவவுக்கு எப்பிடி விளங்கும்? கடைக்கு வாற கொம்பியூட்டரில நான் இதை அடிக்கடி காணுறன். ஃபோல்டரை அழிச்சால் மென்பொருள் போயிட்டுது எண்டுதான் சனம் நினைக்குது. அது அவையின்ர பிழை இல்லை.

உப்புக்காற்று | 10.27

சரி, பிறின்டருக்கு அது காரணமா இருக்கலாம், ஒத்துக்கொள்ளுறன். ஸூம் சத்தத்துக்கு லைனையும் ஒருக்காப் பாருங்கோ. நான் சும்மா சொல்லேல்ல.

கிண்ணியா_நானா | 11.15

தங்கச்சி, என்ன நடந்த? ஒரு சொல் எழுதுங்க. ஏலாட்டி நாளைக்கிப் பேப்பர எனக்கு ஃபோனால அனுப்புங்க. நான் வேலைக்கி டவுனுக்கு வாற, காலைல 6 மணிக்கே பாலத்தால வந்திருவன். பிறின்ட் எடுத்துத் தாறன்.

சீனன்குடா_வாசி | புதன், காலை 8.30

அக்கா, சரி வந்ததா? வந்திருந்தால் ஐகார் சோதனைக் கோப்பை ஒருக்கா இறக்கிப் பாருங்கோ. 68 எழுத்துதான், வைரஸ் இல்லை, ஒரு தீங்கும் செய்யாது. எல்லா அன்டிவைரஸும் அதைப் பிடிக்க வேணும் எண்டு ஒரு வழக்கம். டிஃபென்டர் உடன பிடிச்சால் காவல் முழிப்பா இருக்குது எண்டு தெரியும். மற்றது, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. அதையும் மனசில வச்சிருங்கோ. அன்டிவைரஸை விட அது பெரிய ஓட்டை.

தமிழ்வழி | புதன், காலை 9.05

செம்மல் அவர்களுக்கு: தீயரண் பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். அங்கே வாருங்கள்.

உவர்மலை_வீடு | வியாழன், இரவு 7.50

பிந்தினதுக்கு மன்னியுங்கோ. பட்டியலில பழையது இரண்டு பெயரில இருந்தது. தம்பி சொன்ன மாதிரியே செய்தன், இரவு 1 மணியாப் போச்சுது. பிறின்டர் வந்திட்டுது, எல்லாப் பக்கமும் திறக்குது. பேப்பர் 12 பக்கமும் காலமை 6 மணிக்கு எடுத்தாச்சு. நானா, கேட்டதே பெரிய உதவி. காசு குடுத்ததை இன்னும் திருப்பிப் போடேல்ல.

பின்னேர வகுப்பில மட்டும் சத்தம் இன்னும் விட்டு விட்டுத்தான் கேக்குது. எங்கட வீட்டுக்கு இன்னும் செப்புக் கம்பிதான். உப்புக்காற்று சொன்ன பெட்டியை ஞாயிற்றுக்கிழமை கழட்டிப் பாக்கிறன்.

உப்புக்காற்று | வியாழன், இரவு 7.58

கழட்ட முதல் படம் ஒண்டு எடுத்துப் போடுங்கோ தங்கச்சி. எந்தக் கம்பி எந்த ஆணியில இருந்தது எண்டு பிறகு தெரிய வேணும்.