பதினைந்து ஆடு, மூன்று புலி, ஒரு பாடுக் துறை

திருப்பூரிலிருந்து:

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சரக்கைச் சோதிக்கக் கொரியாவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். சாயம் நிறம் மாறிவிட்டதால் ஒரு லாட் நின்றுபோனது. மறுபடி சாயம் ஏற்றித் துணி வரும்வரை இருவரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் பையிலிருந்து மடக்குப் பலகை ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். குறுக்கே 19 கோடுகள், நெடுக்கே 19 கோடுகள், 361 சந்திப்புகள். கறுப்புக் கல் ஒன்றை ஆள்காட்டி விரல் நகத்துக்கும் நடுவிரல் நுனிக்கும் நடுவே கவ்வி, ஒரு சந்திப்பில் 'டக்' என்று வைத்தார். அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

சீனாவில் வெய்ச்சி, ஜப்பானில் இகோ, கொரியாவில் பாடுக். மூன்றும் ஒரே ஆட்டம்தான். எதிராளியின் கல்லைச் சுற்றியுள்ள காலியிடங்களை எல்லாம் அடைத்துவிட்டால் அந்தக் கல் பலகையை விட்டுப் போய்விடும். அவர் இதை விளக்கியதும், "இது எங்கள் ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் புலியைக் கட்டுகிற மாதிரியே இருக்கிறதே" என்று சொல்லிவிட்டேன். விடுவாரா? உடனே காட்டச் சொன்னார். அட்டைப்பெட்டி மூடியில் மார்க்கரால் ஆடுபுலிக் கட்டம் வரைந்தேன். பதினைந்து பட்டன்கள் ஆடுகள், மூன்று நூல்கண்டுகள் புலிகள்.

முதல் மூன்று ஆட்டம் நான் புலி, அவர் ஆடு. மூன்றிலும் தோற்றார். காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் என் அப்பச்சி, அதாவது அம்மாவின் அப்பா, எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன்: "ஆட்டைக் காக்கப் பார்க்காதே கண்ணு, புலிக்கு இடத்தைக் குறை." நான்காவது ஆட்டத்தில் என் மூன்று புலிகளையும் கட்டிவிட்டார்.

பிறகு கேள்விகள். முதல் ஆட்டை எங்கே வைப்பது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? பக்கத்து ஊரிலும் இதே விதிதானா? குழந்தைக்குச் சொல்லித்தர எந்த வயதில் தொடங்குவீர்கள்? எதற்கும் என்னிடம் பதில் இல்லை. இந்த மாதிரிக் கேள்விகளையே நான்கு ஆண்டு படித்ததாக அவர் அப்போதுதான் சொன்னார். கொரியாவின் மியோங்ஜி பல்கலைக்கழகத்தில் 1997இல் தொடங்கிய பாடுக் துறை, உலகிலேயே இதற்கென்று அமைந்த முதல் துறை. ஆட்டத்தின் வரலாறு, கற்பிக்கும் முறை எல்லாம் அங்கே பாடம்.

2024இல் அந்தத் துறையை மூடப்போகும் செய்தியைப் படித்துவிட்டு அவருக்கு எழுதினேன். பேராசிரியரும் மாணவர்களும் நீதிமன்றம் போனதாகவும் தடை கிடைக்கவில்லை என்றும் பதில் வந்தது. 2025 முதல் புதிய மாணவர் சேர்க்கை இல்லை. பணநெருக்கடி, பாடுக் ஆடுவோர் குறைந்துவிட்டது என்று நிர்வாகம் காரணம் சொன்னது. ஆடுவோர் குறையும்போதுதானே துறை வேண்டும்? ஊரே ஆடிக்கொண்டிருந்தால் திண்ணையே பள்ளிக்கூடமாக இருந்திருக்கும்.

அந்தத் துறையோடு தொடர்புள்ளவர்களை வேறு யாராவது சந்தித்திருந்தால் எழுதுங்கள். நம் ஊர் ஆட்டங்களைப் பற்றியும் எழுதுங்கள்.


கோவையிலிருந்து:

நான் சந்தித்திருக்கிறேன், திரை வழியாக. 2016 மார்ச்சில் கொரியத் தலைநகர் சியோலில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலும் கொரியாவின் முன்னணி பாடுக் ஆட்டக்காரர் லீ சேடோலும் மோதிய ஐந்து பாடுக் ஆட்டங்களைக் கல்லூரி விடுதியில் இருந்து பார்த்தேன். இரண்டாவது ஆட்டத்தில் கணினி வைத்த 37ஆவது கல்லைப் பார்த்துத் தேர்ந்த ஆட்டக்காரர்களே திகைத்தார்கள். நான்காவது ஆட்டத்தில் லீ வைத்த 78ஆவது கல் கணினியைத் தடுமாற வைத்தது. முடிவு 4-1, கணினிக்கு. மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் அன்று விதிகளைப் படிக்கத் தொடங்கினேன்.

பிறகு இணைய வகுப்பில் எனக்கு வாய்த்த ஆசிரியர் அந்தத் துறையில் படித்தவர், ஐரோப்பாவில் வகுப்பெடுக்கிறார். நான் ஒரு கல்லைத் தப்பாக வைத்தால் சரியான இடத்தைக் காட்டமாட்டார். "இதை வைக்கும்போது எதற்குப் பயந்தாய்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி எந்த நிரலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கணினி மனிதனை வென்றபின் துறை எதற்கு என்று என் நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். நல்ல கல் எது என்று கணினி நொடியில் காட்டிவிடும். ஏழு வயதுக் குழந்தை அதை எப்படித் தானாகக் கண்டுபிடிக்கும் என்பது வேறு அறிவு. அதற்குத்தான் அந்த வகுப்பறை இருந்தது.

துறையை மூட வேண்டாம் என்று ஆசிரியர் ஆதரவுக் கடிதம் கேட்டபோது இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். போத்தனூரில் ஒரு மொட்டை மாடியில் நான்கு பேர் ஞாயிறுதோறும் ஆடுகிறோம் என்பதையும் அதில் சொன்னேன். இப்போதும் ஆடுகிறோம்.


கோபியிலிருந்து:

பாடுக் எனக்குத் தெரியாது. பல்லாங்குழி தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பிறந்த வீட்டில் குழிக்கு ஐந்து புளியங்கொட்டை போட்டு ஆடினோம்; புகுந்த வீட்டில் ஆறு. அம்மாவின் பலகை மீன் வடிவில் மடங்கும், 14 குழி. காலியான குழியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நான்கு ஆனால் 'பசு' என்று கூவி எடுத்துக்கொள்வோம். பசு விழுந்ததைக் கவனிக்கத் தவறினால் போச்சு, மாமியார் நினைவூட்டமாட்டார்.

இரண்டு வீட்டுக் கணக்கும் ஏன் மாறியது என்று தேடத் தொடங்கி, பக்கத்து ஊர்களில் கேட்டு நோட்டு நிறைய எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரிக்குப் போனேன். தமிழ்த் துறையில் மரியாதையாக உட்காரவைத்து, உடற்கல்வித் துறையைப் பார்க்கச் சொன்னார்கள். உடற்கல்வித் துறையில் தமிழ்த் துறையைப் பார்க்கச் சொன்னார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் அதற்கு ஓர் அலமாரி இல்லை, அவ்வளவுதான். கொரியாவில் அப்படி ஓர் அலமாரி இருந்தது என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். இருந்ததை மூடுகிறார்கள் என்று படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. நோட்டு வீட்டில்தான் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.


மறுபடியும் திருப்பூரிலிருந்து:

டீச்சர், உங்கள் நோட்டைப் பார்க்க அடுத்த மாதம் வருகிறேனுங்க.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். வயது 84. அந்தக் கொரியப் பெண் கேட்ட முதல் கேள்வியையே கேட்டேன்: முதல் ஆட்டை எங்கே வைப்பது? திண்ணையில் சாக்கட்டியால் கட்டம் வரையச் சொன்னார். கல்லைப் பொறுக்கி அடிக்கோட்டின் ஓரமூலையில் வைத்தார். "புலி ஆட்டைத் தாண்டி வெட்ட அந்தப் பக்கம் காலியிடம் வேண்டும். மூலையில் இருக்கும் ஆட்டுக்கு அந்தப் பக்கமே இல்லை" என்றார். இரண்டாவது ஆட்டை எங்கே, ஏன் என்று கேட்டதற்கு முக்கால் மணி நேரம் பேசினார். அத்தனையும் போனில் பதிவாகியிருக்கிறது. ஏழாவது ஆட்டோடு அம்மிச்சி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். இன்னும் எட்டு பாக்கி.